வண்டிக்குக் காய்ச்சல் இல்லை

ஏசியைப் போட்டால் அனல் அடிக்கிறது என்று ஓட்டுநர் சொன்னதும், வாகன நலப் பிரிவின் மேலாளர் முதலில் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். உங்ககிட்டதான் சொல்றேன்."

"வீட்ல?"

"சொல்லல சார். சட்டையப் பாத்து அவளே தெரிஞ்சுக்கிட்டா."

மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. விஷயம் வெளியே போய்விட்டது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கென்று ஒரு வேன் இருந்தது. அதை ஓட்டுகிறவர்தான் இந்த ஓட்டுநர். சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து, கையில் ஊசி குத்தி, ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு போவார்கள். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு டாக்டர் போட்ட உத்தரவு. கொளுத்தும் வெயிலில், சூடு கக்கும் வண்டிக்குள், நாக்கு வறண்டு போனாலும் ஒரு மடக்குக்கு மேல் குடிக்க முடியாது. ஓட்டுநர் இதையெல்லாம் மேலாளரிடம் சொன்னார்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "சூடா இருக்குன்னு எத வச்சுச் சொல்றீங்க?"

"உள்ளதானே சார் உக்காந்து ஓட்டறேன்."

"அப்ப நீங்க சம்பந்தப்பட்டவர். நீங்க சொல்றது செல்லாது."

"நோயாளிங்களும் சொல்றாங்க சார்."

"அவங்களும் உள்ளதானே உக்காந்திருக்காங்க?"

"ஆமா சார்."

"வெளிய இருந்து யாராவது சூடா இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?"

யாரும் சொல்லவில்லை என்பதை ஓட்டுநர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இருந்தாலும் புகார் என்று ஒன்று வந்துவிட்டது. வந்த புகாரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்தப் பிரிவில் இல்லை. புகார் கொடுத்தவரை விசாரிக்கும் வழக்கம் உண்டு.

மறுநாள் சரிபார்ப்பு அலுவலர் வண்டிக் கொட்டகைக்கு வந்தார். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான், எதிரில் யார் நின்றாலும் அவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் ஒளிந்திருப்பதுபோல் எட்டிப் பார்க்கும் கண்கள். வார்டில் நர்ஸிடம் கேட்டு வாங்கிவந்த தெர்மாமீட்டர் ஒன்று அவர் சட்டைப்பையில் இருந்தது.

வண்டிக்குள் ஏறி, ஏசி வாயில் அதை வைத்துப் பிடித்துக்கொண்டார். இன்ஜின் ஓடவில்லை. காற்றாடி மட்டும் கரகரவென்று சுற்றியது. சிறிது நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார்.

"தொண்ணூத்தெட்டு. நார்மல். வண்டிக்குக் காய்ச்சல் இல்ல."

"சார், இன்ஜினப் போட்டுப் பாருங்க."

"இன்ஜினப் போட்டா சூடு வரும்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

"அது இன்ஜினோட சூடு. நீங்க புகார் குடுத்தது ஏசியப் பத்தி. இன்ஜின்மேல புகார்னா அது வேற பிரிவு." அலுவலர் தெர்மாமீட்டரை உதறிப் பையில் செருகினார். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பப் பாக்கறீங்க. அது ஏன்னுதான் எனக்குப் புரியல."

புரியாதது எதுவும் அந்தப் பிரிவில் சும்மா விடப்பட்டதில்லை. அந்த வாரமே ஒரு கூட்டம் போட்டார்கள். மருத்துவமனையின் ஓட்டுநர்கள் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, மேலாளர் பேசினார்.

"நம்ம பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இங்க ஒரு வண்டிகூட ரிப்பேர் ஆனதில்ல. எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போய்க் கேட்டுப் பாருங்க, இப்படி ஒரு பேரு கெடையாது. இத எப்படிச் சாதிச்சோம்? வண்டி ரிப்பேர்னு யாராவது வந்தா, நாங்க வண்டியப் பாக்கறதில்ல. வந்தவரப் பாக்கறோம். வண்டிய எவ்வளவு கேட்டாலும் அது வாயத் திறக்காது. மனுசன் அப்படியில்ல. விடாமக் கேட்டா, கடைசில அவனே சொல்லிடுவான், வண்டி நல்லாத்தான் இருக்குன்னு."

ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். நம் ஓட்டுநரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

ஓட்டுநர் வேண்டுமென்றே ஹீட்டரைப் போட்டுவிட்டு ஏசிமேல் பழி சொல்கிறாரோ என்பது அடுத்த சந்தேகம். அதற்காக வண்டிக்குள் ஒரு கேமரா பொருத்தினார்கள். சாலையையோ நோயாளிகளையோ அது பார்க்கவில்லை. ஓட்டுநரின் கை எந்தக் குமிழைத் திருகுகிறது என்பதை மட்டும் பார்த்தது. முதல் நாள் மத்தியானமே அது நின்றுபோயிற்று. அலுவலர் அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கணினியில் போட்டபோது, 'அதிக வெப்பம் காரணமாக நிறுத்தப்படுகிறது' என்று ஒரு வாசகம் வந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஓட்டுநரை அழைத்தார்.

"இப்படிச் சொல்லணும்னு கேமராவுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

ஓட்டுநருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் விசாரிப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பேசாமல் நின்றார். பேசாமல் நின்றதையும் அலுவலர் கவனித்துக்கொண்டார்.

இதற்கிடையில் வண்டிக்குள் வெந்தவர்கள் வெந்துகொண்டே இருந்தார்கள். தையல்காரர் ஒருவர் உண்டு. தாகத்துக்கு வாயில் அடக்கிக்கொள்ள ஒரு பிளாஸ்க்கில் ஐஸ் துண்டுகள் கொண்டுவருவார். ஐஸாக இருந்தால் ஒரு துண்டை வைத்து நெடுநேரம் ஓட்டலாம். அந்த அனலில், மூடியைத் திறந்து திறந்து மூடுவதற்குள் அது தண்ணீராகிவிடும். தண்ணீரென்றால் அவருக்கு அளவு. ஜன்னலைத் திறந்து அதை ரோட்டில் ஊற்றுவார். ஊற்றி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டீச்சரம்மா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை அவருக்கு முன் இருக்கை. ஒருநாள் திரும்பும் வழியில், பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தால் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, டீச்சரம்மாவைச் சாய்த்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் கண் திறந்த டீச்சரம்மா, "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஓட்டுநருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எதிரில் ஒரு பட்டறை தெரிந்தது. நேராக அதற்குள் வண்டியை விட்டார்.

பட்டறைக்காரர் வண்டியின் பக்கவாட்டில் மருத்துவமனைப் பெயரைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"வேணாம் சார். போன தடவ உங்க ஆம்புலன்ஸுக்குப் பஞ்சர் ஒட்டினேன். டயர்ல ஓட்டை இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டு, விசாரணைக்கு அலையவிட்டாங்க."

"உள்ள ஒரு அம்மா மயங்கி எந்திரிச்சிருக்காங்க அண்ணே. கொஞ்சம் பாருங்க."

பட்டறைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பானெட்டைத் திறந்து, ஒரு ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். இன்ஜினில் சூடாகும் தண்ணீர் ஹீட்டருக்குப் போகிற குழாய் அது. டேஷ்போர்டுக்குள் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு, அது சூட்டுப் பக்கமே மாட்டிக்கொண்டது, ஏசி குளிரடித்தாலும் ஹீட்டர் வழியாகத்தான் காற்று வெளியே வருகிறது என்றார்.

"அதச் சரிபண்ணணும்னா டேஷ்போர்டு மொத்தத்தையும் கழட்டணும். அது உங்க ஆளுங்க சொன்னாத்தான். இப்போதைக்கு இந்தக் குழாய நெரிச்சு வைக்கறேன்." ஒரு கிளாம்ப்பை எடுத்துக் குழாயை இறுக்கினார். "சுடுதண்ணி போகலன்னா சூடு இல்ல. இது முதலுதவி, அவ்வளவுதான். நான் இந்த வண்டியத் தொடல. நீங்க என்னப் பாக்கல."

சற்று நேரத்தில் ஏசி வாயிலிருந்து சில்லென்று காற்று வந்தது. தையல்காரர் கண்ணை மூடி முகத்தை அதற்கு நேராகக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் ஓட்டுநர் நினைத்தார். புகாரை வாபஸ் வாங்கிவிடலாம் என்று மேலாளரிடம் போனார். மேலாளர் மறுபடியும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வாபஸா? அப்படின்னா பொய்ப் புகார்."

"பொய் இல்ல சார். இப்ப சரியாயிடுச்சு."

"தானா எப்படிச் சரியாகும்? யாரோ கை வச்சிருக்கணும். அனுமதியில்லாம ஆஸ்பத்திரி வண்டில கை வச்சது யாரு?"

"யாரும் வைக்கல சார்."

"அப்ப சரியாகல."

"ஆமா சார். சரியாகல."

"நல்லது. சரிபார்ப்பு அலுவலர் நாளன்னிக்கு வண்டில கூடவே வருவார். சூடு இல்லன்னா பொய்ப் புகார். வண்டிய நிறுத்திவச்சு விசாரிப்போம். அதுவரைக்கும் நோயாளிங்க அவங்கவங்க வழியப் பாத்துக்க வேண்டியதுதான்."

அன்று வீட்டுக்குப் போனால் அங்கேயும் விசாரணை. மனைவி அவர் சட்டையின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காலரை.

"சட்டை காஞ்சு கெடக்கு. இன்னைக்கு வண்டி ஓட்டலையா?"

"ஓட்டினேனே."

"தெனமும் பிழிஞ்சு காயப்போடற மாதிரி வருவீங்க. இன்னைக்கு மடிப்புக் கலையாம வந்து நிக்கறீங்க. உண்மையச் சொல்லுங்க, பகலெல்லாம் எங்க இருந்தீங்க?"

உண்மையைச் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. நம்பியபிறகு, இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கிற குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நாளன்னிக்கு அந்தாளு ஏறறதுக்கு முன்னாடி முதுகுல அடிச்சுக்கோங்க. கழுத்தோரமும் கொஞ்சம்."

கிளாம்ப்பைக் கழற்றிவிடலாமா என்று ஆய்வு நாள் காலையில் நோயாளிகளிடம் கேட்டார். தையல்காரர் பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டீச்சரம்மாதான் சொன்னார்.

"அதத் தொடாதீங்க தம்பி. முப்பது வருஷம் ஹோம்வொர்க் செய்யாத பசங்க முகத்தப் பாத்திருக்கேன். எப்படி நடிக்கணும்னு எனக்குத் தெரியும். வெயில்ல வேகற மாதிரி எல்லாரும் முகத்த வச்சுக்கோங்க. யாரும் ரொம்பப் பண்ணக்கூடாது."

மத்தியானம் டயாலிசிஸ் முடிந்ததும் சரிபார்ப்பு அலுவலர் ஏறினார். ஏறியதும் ஒரு விதியை அறிவித்தார். "ஜன்னல் எதையும் தெறக்கக்கூடாது. தெறந்தா ஆய்வு கெட்டுடும்." காற்று நேராக அடிக்கும் இடத்தைத் தேடிப் பார்த்து, அங்கே உட்கார்ந்திருந்த தையல்காரரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. டீச்சரம்மா எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டார். பின்னால் ஒருவர் துண்டால் நெற்றியை ஒற்றினார். இன்னொருவர் "ஸ்ஸ்" என்றார். ஓட்டுநரின் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. குளிரில் அது உண்மையிலேயே அவரை நடுங்க வைத்தது. அலுவலர் ஒவ்வொரு முகமாக எட்டி எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு வேர்க்குதா?"

"வேர்த்து அடங்கிடுச்சு சார்" என்றார் டீச்சரம்மா. "இனிமே வேர்க்கறதுக்கு உடம்புல தண்ணி இல்ல."

அலுவலர் யோசித்தார். அவருடைய மணிக்கட்டுப் பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அடுத்த திருப்பத்தில் கண் செருகிற்று. அதற்கடுத்த திருப்பத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. கடைசி நோயாளி இறங்கும்போது விழித்துக்கொண்டு, தீர்ப்பைச் சொன்னார்.

"காத்து நார்மல். பயணிகள்தான் நார்மல் இல்ல. எனக்குச் சில்லுன்னு இருக்கு, இவங்களுக்குக் கொதிக்குது. யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. யாருன்னு தெரியற வரைக்கும் தெனமும் வருவேன். என் வீடும் இந்தப் பக்கந்தான். ஆய்வு என் வீட்டு வாசல்ல முடியற மாதிரி வச்சுக்கலாம்."

அப்படியே வந்தார். வண்டியில் இருக்கைகள் நோயாளிகளுக்குக் கணக்காகத்தான் இருந்தன. ஆகவே ஓர் ஆள் கழிய வேண்டியிருந்தது. பஸ் போகிற வழியில் வீடு இருப்பவர் தையல்காரர் மட்டும்தான். ஆய்வு முடிகிறவரை அவர் பஸ்ஸில் போகலாம் என்று மேலாளர் கருணையோடு சொல்லியனுப்பினார். இயந்திரத்திலிருந்து இறங்கிய கையோடு, காலில் பலமில்லாமல், தையல்காரர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வண்டியில் அவருடைய இடத்தில் அலுவலர் தூங்கினார். மற்றவர்கள் விசிறிக்கொண்டார்கள். களைத்துப் போன உடம்போடு நடிக்கவும் வேண்டியிருந்ததில் டீச்சரம்மாவின் கை நடுவழியில் மடியில் விழுந்துவிடும். நினைவு வந்ததும் மறுபடி எடுத்து விசிறுவார்.

ஒருநாள் காலை தையல்காரர் முழங்கையில் கட்டோடு வந்தார்.

"என்ன அண்ணே இது?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸுல ஏறறப்ப கால் இழுத்துக்கிச்சு. யாரோ தூக்கிவிட்டாங்க." சொல்லிவிட்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டார். "அவரு இன்னைக்கும் வர்றாரா?"

ஓட்டுநர் அவர் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, அவரைப் பிடித்து ஏற்றிவிட்டார். அன்று திரும்பும் வழியில் நோயாளிகளை ஒவ்வொருவராக, வழக்கம்போல் குளிர்ந்த காற்றில், அவரவர் வாசலில் இறக்கிவிட்டார். டீச்சரம்மாவைக் கைத்தாங்கலாகப் படியேற்றிவிட்டு வந்தார். வண்டியில் அலுவலர் மட்டும் மிஞ்சினார். கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினார். பானெட்டைத் தூக்கி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கிளாம்ப்பைக் கழற்றினார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

அலுவலர் விழித்திருந்தார். "என்ன பண்ணீங்க?"

"பாத்தேன் சார்."

"பாத்து?"

"மூடிட்டேன் சார்."

வண்டி கிளம்பியது. முதலில் காற்று வெதுவெதுப்பானது. சிக்னலுக்கு வருவதற்குள் அது காற்றாக இல்லை. இஸ்திரிப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்ததுபோல் இருந்தது. சிக்னலில் முன்னால் நீண்ட வரிசை. ஓட்டுநர் அவசரப்படவில்லை. இந்த அனலில் அவர் ஒரு கோடையே குடியிருந்திருக்கிறார்.

அலுவலர் ஒரு மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். பிறகு மற்றதை. பிறகு கழுத்தில்.

"சார், எப்படி இருக்கு?" ஓட்டுநர் மரியாதையாகக் கேட்டார்.

அலுவலர் வாயைத் திறந்தார். இத்தனை நாள் தினமும் மேலாளரிடம் அவர் சொன்னது 'காற்று நார்மல்'. இப்போது சூடு என்றால், சூடு இருப்பதை இத்தனை நாள் கண்டுபிடிக்கவில்லை என்று ஆகும். சூடு எப்போது வந்தது, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. கேட்கிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"நார்மல்" என்றார்.

"ஜன்னலத் தெறக்கட்டுமா சார்?"

"ஆய்வு நடந்துக்கிட்டிருக்கு."

சிக்னல் விழுந்து, நான்கு வண்டிகள் நகர்ந்து, மறுபடி சிவப்பு. அலுவலரின் கஞ்சிச் சட்டை உடம்போடு ஒட்டி, உள்பனியன் கோடு தெரிந்தது. கண்ணுக்குள் வேர்வை இறங்க, அவர் இமையைக் கொட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"என் ஆபீஸ் ரூம்ல ஃபேன் ஓடறதில்ல. போன கோடைலேர்ந்து."

"புகார் குடுக்கறதுதானே சார்?"

"குடுத்தா எங்க பிரிவுலதான் விசாரிப்பாங்க."

ஓட்டுநருக்கு ஒரு கணம் அவர்மேல் இரக்கம் வந்தது. டீச்சரம்மாவின் நாக்கும் தையல்காரரின் முழங்கையும் ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது. சிக்னல் பச்சையானபோதும் மெதுவாகத்தான் கிளப்பினார்.

கடைத்தெரு முனையில் அலுவலர் கதவுப் பிடியில் கை வைத்தார். "இங்கயே நிறுத்துங்க."

"வீடு இன்னும் தூரம் சார்."

"டாக்டர் என்னைய நடக்கச் சொல்லியிருக்காரு." இறங்கி, ஒரு சுவர் நிழலில் சாய்ந்து நின்று, வாயால் மூச்சு வாங்கினார். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு சார்?"

"ஆய்வு முடிஞ்சுது" என்றார் அலுவலர்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் ஓட்டுநரைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். ஆய்வின்படி வண்டியில் கோளாறு இல்லை. ஆனால் புகாரும் பொய் என்று சொல்லிவிட முடியாது. புகார் கொடுத்த சமயத்தில் வெயில் அதிகமாக இருந்திருக்கிறது.

"ஆகவே இது கோடைகாலத்தோட தப்பு. கோடைகாலம் நம்ம பிரிவுக்குக் கீழ வராது. நீங்களும் இனிமே ஏதாவது உணர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும். எடுத்தவுடனே உணர்ந்துடக்கூடாது."

"சரி சார்."

"ஏன் சந்தோஷமா இருக்கீங்க?"

"இல்லையே சார்."

"மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."

ஓட்டுநர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். வழியில் சரிபார்ப்பு அலுவலர் எதிரே வந்தார். வாசலில் நின்ற வேனைப் பார்த்ததும் பக்கத்து நடைபாதையில் திரும்பிக்கொண்டார். கொட்டகைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, அலுவலரை இறக்கிவிட்ட அன்றே திரும்ப மாட்டியிருந்த கிளாம்ப்பை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு ஓட்டுநர் நோயாளிகளை ஏற்றிக்கொண்டார். தையல்காரர் தன் பழைய இடத்தில், இடுப்பை அசைத்து அசைத்து நிலைகொண்டு உட்கார்ந்தார்.

வண்டி மருத்துவமனை வாசலைத் தாண்டியது. எக்ஸ்ரே உறையை யாரும் கையில் எடுக்கவில்லை. பாதி வழியில் தையல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் குளிருது."

வண்டிக்குள் எல்லாரும் திரும்பி அவரையே பார்த்தார்கள். ஓட்டுநர் காற்றைக் குறைத்தார். டீச்சரம்மா தன் சால்வையை உருவி, பின்னால் திரும்பி, அவர் தோளில் போர்த்திவிட்டார்.

"நல்லாப் போத்திக்கோங்க" என்றார். "இறங்கினப்புறம் இத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."